தடுப்பாட்டத்தை எந்த எண்ணால் அளப்பது?

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கே விளக்கு எரியும். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், சான் அன்டோனியோவிலும் மினியாபொலிஸிலும் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், பிரான்ஸைச் சேர்ந்த எங்கள் ரீயூனியன் தீவில் கிழக்கு வெளுக்கும் அந்த நேரத்தில்தான் தெரியும். அக்கா மகன் பள்ளிக்குக் கிளம்பும்வரை கைப்பேசியும் கையுமாக இருப்பான். சாயங்காலம் சேந்த்-ஆந்த்ரேயில் நாங்கள் ஆடும் மைதானத்துக்குப் பையன்கள் வந்ததும், பந்தைத் தொடுவதற்கு முன்பே வழக்கு தொடங்கிவிடும்: தடுப்பாட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் பெரியவரா, சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமா பெரியவரா? இருவரும் பிரான்ஸ் அணிக்கு ஆடுபவர்கள், இருவரும் வளையத்தைக் காப்பவர்கள். அதனால் இந்த வழக்கு இங்கே குடும்பத்துச் சொத்துத் தகராறு மாதிரி சூடாகவே நடக்கும்.

ஒருவன் பிளாக் கணக்கைக் காட்டுவான், அதாவது எறிந்த ஷாட்டைக் கையால் தட்டித் தடுத்தது. ஒருவன் பி.இ.ஆர். என்ற மொத்த மதிப்பெண்ணைச் சொல்வான். இன்னொருவன், "அவர் வெளியே போனா டீம் எப்படி ஆகுதுன்னு பாருங்க மாமா" என்று பிளஸ் மைனஸை நீட்டுவான். நான்காமவன், "2024 ஒலிம்பிக் நாக்-அவுட் ஆட்டங்களில் கோபேரைப் பெரும்பாலும் பெஞ்சில்தானே உட்கார வைத்தார்கள்?" என்று ஒரே போடாகப் போடுவான். நான்கு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர்கள் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு எண்ணைத்தான் நம்பணும்னா எதை நம்புறது?" என்று அக்கா மகன் கேட்டான். வேறு இரண்டு மூன்று பேரும் இதையே கேட்டார்கள். எனக்கும் இது அவசரமான கேள்விதான். எங்கள் சின்ன அணிக்கு இந்த சீசனில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எண்ண முடிவு செய்திருக்கிறோம். எதை எண்ணுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துப் பயனில்லை. அதனால் கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தேன்.

## முதலில் தராசு

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, அந்த எண் எதைப் பார்த்து உருவாகிறது? தடுப்பாட்டத்தில் பாதிக்கு மேல் நடக்காமல் போன விஷயங்கள். எறியப்படாத ஷாட், கொடுக்கப்படாத பாஸ், உள்ளே வரத் தயங்கித் திரும்பிப் போன எதிராளி. இவற்றில் ஏதாவது அந்த எண்ணுக்குள் வருகிறதா?

இரண்டாவது, பெயர் யாருக்குப் போகிறது? ஐந்து பேர் சேர்ந்து தடுக்கிறார்கள். பயிற்சியாளர் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. இதிலிருந்து ஒருவருடைய பங்கை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறதா?

மூன்றாவது, அதிர்ஷ்டம் எவ்வளவு கலந்திருக்கிறது? பத்து ஆட்டத்தில் நம்பலாமா, மூன்று சீசன் வேண்டுமா?

நான்காவது, நம் கைக்கு எட்டுமா? இலவசமாகக் கிடைக்கிறதா, பதினைந்து வயதுப் பையனுக்குப் புரிய வைக்க முடியுமா, நம் மைதானத்தில் செய்து பார்க்க முடியுமா?

இதில் எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். சண்டை எல்லாமே கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது.

## ஸ்கோர் தாளிலிருந்து பிறக்கும் எண்கள்

புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழி செய்த பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக், தவறவிட்ட ஷாட், இழந்த பந்து. இவற்றை மட்டும் வைத்துச் செய்யும் கணக்குகள் இவை. பழையது பி.இ.ஆர். ஜான் ஹோலிஞ்சர் உருவாக்கியது. லீகின் சராசரி எப்போதும் 15 ஆக நிற்கும்படி ஒவ்வொரு சீசனும் சரிசெய்யப்படும். 2021-22 சீசனில் டென்வரின் நிக்கோலா யோகிச் எடுத்த 32.85 வரலாற்று உச்சம். அடுத்தது பி.பி.எம். டேனியல் மையர்ஸ் உருவாக்கிய இதன் திருத்திய வடிவம் 2020இல் வந்தது. நூறு பொசெஷனுக்கு (ஓர் அணி பந்தை வைத்து ஆடும் ஒரு முறை ஒரு பொசெஷன்) ஒரு சராசரி ஆட்டக்காரரைவிட எத்தனை புள்ளி கூடுதலாகத் தருகிறார் என்று சொல்லும். 0 என்றால் சராசரி, −2 என்றால் எந்த அணிக்கும் எளிதில் கிடைக்கும் மாற்று ஆள். அதே 2021-22இல் யோகிச்சுக்கு 13.7. ஆடிய நேரத்தையும் சேர்த்துப் பெருக்கினால் வி.ஓ.ஆர்.பி. வரும். வெற்றிகளைப் பங்கு போடும் வின் ஷேர்ஸும் இந்தக் குடும்பம்தான்.

தாக்குதல் ஆட்டத்துக்கு இவை நன்றாகவே உதவும். ஷாட் போட்டவர் யார், பந்தை இழந்தவர் யார் என்று தாளில் பெயரோடு இருக்கிறது. ஆடியவரின் மொத்த மதிப்பைச் சீக்கிரம் ஒரு பார்வை பார்க்க பி.பி.எம். போதும். பழைய காலத்தோடு ஒப்பிடவும் இதை விட்டால் வேறு வழி குறைவு.

தடுப்பு என்று வந்தால் கதை வேறு. என்.பி.ஏ. ஸ்டீலையும் பிளாக்கையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். பதினொரு பட்டம் வென்று 1969இல் ஓய்வு பெற்ற பில் ரஸ்ஸலின் கணக்கில் ஒரு பிளாக்கூட இல்லை. எண்ணத் தொடங்கிய பிறகும் தாள் பார்ப்பது தடுப்பின் கடைசி நொடியை மட்டும். பந்தைப் பறிக்கப் பாய்ந்து தவறிய நாலு முறை எங்கும் எழுதப்படாது, பறித்த ஒரு முறை எழுதப்படும். அந்த நாலு முறையும் பின்னால் நின்ற தோழன்தான் ஓடி வந்து அடைத்திருப்பான்.

இங்கே மறைந்த செலவு இரண்டு. ஒன்று, பி.பி.எம்., வின் ஷேர்ஸ் போன்ற கணக்குகள் தடுப்பில் தெரியாத பகுதியை அணியின் ஒட்டுமொத்தத் தடுப்பிலிருந்து கடன் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. நல்ல தடுப்பணியில் சும்மா நின்றவருக்கும் ஒரு பங்கு போகும். இரண்டு, ரீபவுண்டும் அசிஸ்டும் நிறைய எடுக்கும் உயரமான ஆட்டக்காரருக்கு இவை தாராளம் காட்டும். யோகிச் பி.பி.எம்.மின் தடுப்புப் பகுதியில் முன்வரிசையில் வருவது அதனால்தான். அவருக்குக் கை சுறுசுறுப்பு உண்டு, நிற்கும் இடமும் சரியாக இருக்கும், ரீபவுண்டை விடமாட்டார். ஆனாலும் கால் மெதுவானவர், வளையத்தைக் கோபேர் மாதிரி காப்பவர் இல்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து அவரைத் தலைசிறந்த தடுப்பாளர் என்று வாதாடினால் ஆட்டம் பார்த்தவர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஸ்டீல் எல்லாம் வெறும் சூதாட்டம் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. 2024-25இல் அட்லாண்டாவின் டைசன் டேனியல்ஸ் 229 ஸ்டீல் எடுத்தார், ஆட்டத்துக்கு 3.0. 1990-91இல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு யாரும் தொடாத சராசரி அது. பந்தைத் தட்டிவிட்ட கணக்கிலும் அவரே முன்னால் இருந்தார், எதிரணியின் முக்கிய ஆளைக் காக்கும் வேலையும் அவருடையதே. வேறு சாட்சிகளும் அதே பக்கம் நின்றால் ஸ்டீலை நம்பலாம் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

இன்னொரு விஷயம், தாளை எழுதுபவர் ஒரு மனிதர். 2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் ஆட்டக்காரர் ஜாரன் ஜாக்சன் ஜூனியருக்குச் சொந்த ஊர் அரங்கில் பிளாக்குகளைக் கூட்டி எழுதுகிறார்கள் என்று இணையத்தில் ஒரு குற்றச்சாட்டு பரவியது. காணொளிகளை எடுத்துச் சரிபார்த்தபோது அது நிற்கவில்லை. லீகும் கணக்கு சரியென்றே சொன்னது. அந்த ஆண்டு சிறந்த தடுப்பாளர் விருதும் அவருக்கே கிடைத்தது. எண் பிசகாக இருக்கிறது என்று தோன்றினால் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவதே நல்லது என்று பையன்களுக்கு நான் சொல்லும் கதை இது.

## களத்தில் இருந்தபோது, இல்லாதபோது

தேர் வடத்தைப் பிடித்து இழுப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். யார் பலமாக இழுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. முகத்தைச் சுளித்து இழுப்பவர் உண்மையில் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் வரலாம். ஆனால் ஒருவர் தண்ணீர் குடிக்க விலகியதும் தேர் தயங்குகிறது, அவர் திரும்பி வந்ததும் நகர்கிறது என்றால், ஒன்று தெரிந்துவிடும். பிளஸ் மைனஸ் அதுதான். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் தம் அணி எத்தனை புள்ளி கூட, எத்தனை புள்ளி குறைய என்று பார்ப்பது.

வெறும் பிளஸ் மைனஸைத் தனியாக எடுக்கவே கூடாது. நல்ல நால்வரோடு ஆடினால் யாருடைய எண்ணும் ஏறும். இருந்தபோது, இல்லாதபோது என்று கழித்துப் பார்ப்பது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அங்கே மாற்று ஆட்டக்காரரின் குறை முதல் ஆட்டக்காரரின் புகழாகிவிடும். யோகிச் வெளியே போனதும் டென்வர் சரிந்ததற்கு அவர் பெருமை பாதி, அவருக்குப் பதிலாக வந்தவர்களின் பலவீனம் மீதி.

இதைச் சரிசெய்யத்தான் ஆர்.ஏ.பி.எம். வந்தது. களத்தில் அதே பத்து பேர் இருக்கும் ஒவ்வொரு துண்டு நேரத்தையும் ஒரு சமன்பாடாக எழுதி, சீசன் முழுவதையும் ஒன்றாகத் தீர்ப்பது. கூட ஆடியவர்கள் யார், எதிரே நின்றவர்கள் யார் என்ற இரண்டும் கணக்கில் வந்துவிடும். சாட்சி குறைவாக உள்ளவருடைய எண்ணைச் சராசரிக்குப் பக்கமாக இழுத்து வைக்கும். ஜோ சில் 2010இல் இந்த இழுத்து வைக்கும் முறையைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே வெய்ன் வின்ஸ்டனும் ஜெஃப் சாகரினும் டாலஸ் அணிக்காகச் சரிசெய்த பிளஸ் மைனஸைக் கணக்கிட்டு வந்தார்கள்.

இந்த வழியின் பெருமை, நடக்காமல் போனதும் இதில் விழுகிறது என்பதுதான். எதிராளி கோபேரைப் பார்த்து உள்ளே வராமல் இருபது அடியிலிருந்து மோசமான ஷாட் எறிந்தால், தாளில் கோபேர் பெயருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எதிரணிக்குப் புள்ளி வரவில்லை, அது அவர் களத்தில் இருந்த நேரத்தில் வரவில்லை. ஷேன் பாட்டியே ஹூஸ்டனில் ஆடிய காலத்தில் புள்ளியும் ரீபவுண்டும் சொற்பமாக எடுத்து, அணியை மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டுபிடித்தது இந்த வகைக் கணக்குதான்.

செலவைச் சொல்கிறேன். எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவரை இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. வடத்தை எப்போதும் ஒன்றாகவே பிடித்து ஒன்றாகவே விடுபவர்களில் யார் பலசாலி என்று எப்படிச் சொல்வது? அடுத்தது அதிர்ஷ்டம். இப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 35க்கு மேல் மூன்று புள்ளி ஷாட் எறிகிறது. எதிரணி அதில் 35 விழுக்காட்டுக்குப் பதில் 38 விழுக்காடு போட்டுவிட்டால், ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி மாறும். நடுத்தரத் தடுப்பணியை முதல் ஐந்துக்குள் தள்ளவோ, முதல் ஐந்தில் இருப்பதை நடுவுக்கு இறக்கவோ அதுவே போதும். எத்தனை மூன்று புள்ளி ஷாட் எறிய விடுகிறோம் என்பது தடுப்பவர் கையில் இருக்கிறது. எறிந்த பின் உள்ளே விழுமா என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அதனால் ஒரு சீசனின் ஆர்.ஏ.பி.எம்.மை வைத்து முடிவு கட்டாமல் மூன்று சீசனைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இளம் ஆட்டக்காரருக்கு மூன்று சீசன் இருக்காது என்பது இதன் பெரிய குறை.

எந்த முறையில் எந்த அணிக்காக ஆடினார் என்பதையும் இது பிரிக்காது. வளையத்துக்கு அருகே பின்வாங்கி நிற்கும் முறையில் கோபேர் ராஜா. வேறு முறையில் அவருடைய எண் என்னவாகும் என்று ஆர்.ஏ.பி.எம். சொல்லாது.

## இரண்டையும் கலந்த எண்கள்

ஈ.பி.எம்., லெப்ரான், டார்கோ என்று இன்று பேசப்படுபவை இந்த வகை. லெப்ரான் என்பது ஒரு சுருக்கப் பெயர், லெப்ரான் ஜேம்ஸுக்கான கணக்கு இல்லை. ஸ்கோர் தாளிலிருந்து ஒரு முதல் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு, பிளஸ் மைனஸ் சொல்வதைக் கேட்டு அதைத் திருத்துவதே இவற்றின் பொதுவான வழி. ஒரே சீசனை வைத்துப் பேச வேண்டும், ஒரே எண் வேண்டும் என்றால் நான் இந்த வரிசையிலிருந்துதான் எடுப்பேன்.

ஆனால் ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். சிதறிக் கிடந்தால் அந்த ஆட்டக்காரரைப் பற்றி இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று அர்த்தம். சூத்திரத்தின் உள்விவரம் முழுவதும் வெளியே இருக்காது, சில இடங்களில் பணம் கட்ட வேண்டும். சில எண்கள் காணாமலே போய்விடும். 2019இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் கொண்டுவந்த ராப்டர் என்ற எண் 2023இல் நின்றுபோனது. அதை நம்பி வாதம் செய்தவர்கள் அடுத்த சீசனில் வேறு எண் தேட வேண்டியிருந்தது.

## கேமரா எண்ணுவது

2013-14 சீசனிலிருந்து என்.பி.ஏ.வின் எல்லா அரங்கங்களிலும் கூரைக் கேமராக்கள் ஆட்டக்காரர்களையும் பந்தையும் பின்தொடர்கின்றன. 2016-17 முதல் பந்தைத் தட்டிவிட்டது, ஷாட்டை மறித்தது, மோதலை வாங்கி ஃபவுல் பெற்றது எல்லாம், ஆட்கள் பார்த்து எண்ணிய கூடுதல் கணக்காக, லீகின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. யார் யாரைக் காத்தார், அவர் அருகில் இருந்தபோது எதிராளி எத்தனை விழுக்காடு போட்டார் என்பதும் உண்டு.

பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், கண்ணால் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று. எனக்கும் பிடிக்கும், ஓர் எச்சரிக்கையோடு. 'அருகில் இருந்தவர்' பெயரில்தான் ஷாட் எழுதப்படும். தவறு செய்தவர் அருகில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதற்கு 2021 என்.பி.ஏ. மேற்குப் பிரிவு அரையிறுதியின் ஆறாவது ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த சீசனில் 52 வெற்றி, 20 தோல்வியோடு லீகிலேயே முதலிடத்தில் இருந்த யூட்டா, அதாவது கோபேர் அப்போது ஆடிய அணி, மூன்றாம் கால்பகுதியில் 25 புள்ளி முன்னிலை பெற்றிருந்தது. கவாய் லெனார்ட் காயத்தால் இல்லாத கிளிப்பர்ஸ், ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி ஆடியது. டெரன்ஸ் மான் மூலையில் நின்று எறிந்துகொண்டே இருந்தார். ஏழு மூன்று புள்ளி ஷாட், மொத்தம் 39 புள்ளி. ஆட்டம் 131-119 என்று கிளிப்பர்ஸுக்குப் போனது. மானைக் காக்க வேண்டியவர் கோபேர். அந்த இரவிலிருந்து, வெளியே எறியும் அணியிடம் கோபேர் உதவமாட்டார் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது.

ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான முறை, முன்னால் நின்ற காவலர் கடந்து செல்லப்படுகிறார். பந்து வளையத்துக்கு வருகிறது. கோபேர் ஓர் அடி உள்ளே வராவிட்டால் எளிய இரண்டு புள்ளி. வந்தால் மூலையில் மான் தனியே. யூட்டாவின் மைக் கான்லி முதல் ஐந்து ஆட்டங்களில் இல்லாமல் அன்றுதான் திரும்பியிருந்தார், டொனவன் மிட்செல் கணுக்கால் வலியோடு ஆடினார். முன்கதவு திறந்து கிடந்தது. கேமராக் கணக்கில் ஷாட் கோபேர் பெயருக்கு, கதவைத் திறந்துவிட்டவர் பெயருக்கு ஒன்றும் இல்லை. அதே சமயம், கோபேருக்குப் பதில் வெளியேயும் உள்ளேயும் ஓடக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் சில ஷாட்டுகளையாவது மறித்திருப்பார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வாதம் எனக்கு ஒப்பாது.

வளையத்தருகே எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். பெரிய தடுப்பாளர் இருக்கும்போது அங்கே ஷாட்டே குறையும். விழுக்காட்டோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

## கண்ணும் காணொளியும்

கண்தான் காரணத்தைச் சொல்லும். அதே கண்தான் ஏமாற்றவும் செய்யும். 2024 மேற்குப் பிரிவு இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் மூன்று நொடி மீதமிருக்க, டாலஸுக்கு ஆடிய லூகா டோன்சிச் கோபேருக்கு எதிரே பின்வாங்கி ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டார். டாலஸ் 109-108. அந்த ஒரு காட்சி எத்தனை கைப்பேசியில் எத்தனை முறை ஓடியது! அந்த சீசன் முழுவதும் மினசோட்டாவின் தடுப்பை லீகிலேயே முதலிடத்தில் நிறுத்தியது கோபேர் என்பது அப்படி ஓடாது. ஒரு ஷாட் நினைவில் நிற்கும், எண்பத்திரண்டு ஆட்டம் நிற்காது. அதனால் காணொளி பார்த்தால் முழுக் கால்பகுதியாகப் பாருங்கள், பந்தைப் பார்க்காமல் ஒரே ஆளைப் பாருங்கள். நேரம்தான் இதன் விலை, அது சின்ன விலை இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | தடுப்பில் எது தெரியும் | எது தெரியாது | மறைந்த செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| ஸ்கோர் தாள் (பி.இ.ஆர்., பி.பி.எம்.) | ஸ்டீல், பிளாக், ரீபவுண்ட் | எறியப்படாத ஷாட், உதவி | அணியின் புகழ் எல்லோருக்கும் பிரியும் | தாக்குதல் மதிப்பு, பழைய காலம் |
| ஆர்.ஏ.பி.எம். | அணிக்கு வந்த மொத்த விளைவு | அது எப்படி வந்தது என்பது | பல சீசன் வேண்டும் | அனுபவசாலிகளின் நீண்டகால மதிப்பு |
| கலவை எண்கள் | இரண்டிலும் கொஞ்சம் | ஆடிய முறையின் பங்கு | மூடிய சூத்திரம், சில நேரம் பணம் | ஒரே சீசன் விவாதம் |
| கேமராவும் லீகின் கூடுதல் கணக்கும் | மறித்த ஷாட், தட்டிய பந்து | முதலில் தவறியவர் யார் | அருகில் நின்றவர்மேல் பழி | யாருக்கு எதிரே யார் என்ற கேள்வி |
| காணொளி | காரணம் | எத்தனை முறை என்பது | நேரம் | எண்கள் ஒத்துப்போகாதபோது |

## அப்படியானால் கோபேரா, வெம்பன்யாமாவா

கேள்வியைப் பிரித்தால் பதில் வரும்.

2023-24 சீசனின் சிறந்த தடுப்பாளர் யார் என்றால், கோபேர். 2018, 2019, 2021க்குப் பிறகு அவருக்கு அது நான்காவது விருது. டிகெம்பே முட்டோம்போ, பென் வாலஸ் இருவரோடும் சமம். 56 ஆட்டம் வென்ற மினசோட்டாவின் தடுப்பு அவரைச் சுற்றி நின்றது. வெம்பன்யாமா அந்த ஆண்டு இரண்டாமிடம். 254 பிளாக்கோடு லீகில் முதலிடம் பிடித்தார், முதல் சீசனிலேயே சிறந்த தடுப்பு அணியின் முதல் ஐவரில் இடம்பெற்ற முதல் ஆள். அவர் களத்தில் இருந்தபோது சான் அன்டோனியோ நல்ல தடுப்பணி, அவர் உட்கார்ந்ததும் மோசமான அணி. ஆனாலும் 22 ஆட்டம் மட்டும் வென்ற அந்த அணியில் அவருக்கு மாற்றாக வந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன மாற்று ஆட்டக்காரர் சிக்கல்தான் இங்கேயும்.

2024-25 என்றால், இருவருமே இல்லை. வெம்பன்யாமா ஆட்டத்துக்கு 3.8 பிளாக் எடுத்தார், ஆனால் தோளில் ரத்தம் உறைந்ததால் 46 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. விருதுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி 2023-24 முதல் இருக்கிறது. 64 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தின் எவான் மோப்லி வென்றார். நிமிடக் கணக்கில் சிறந்தவர் வேறு, ஆண்டு முழுவதற்கும் அதிகம் கொடுத்தவர் வேறு. பி.பி.எம்.முக்கும் வி.ஓ.ஆர்.பி.க்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஐந்து பேரையும் வெளியே நிறுத்தும் அணிக்கு எதிராக ஒரே ஆட்டம் வெல்ல வேண்டும் என்றால், நான் வெம்பன்யாமாவை எடுப்பேன். 2.24 மீட்டர் உயரத்தோடு அவர் வெளியே போய்விட்டு உள்ளே திரும்பிவிடுவார். இங்கே எந்தக் கலவை எண்ணும் எனக்கு வேண்டாம், காணொளி போதும். ஒலிம்பிக்கில் பிரான்ஸ் பயிற்சியாளரும் நாக் அவுட்டில் வேகமான அணியை இறக்கித்தான் கனடாவையும் ஜெர்மனியையும் வென்றார். இறுதியில் அமெரிக்காவிடம் 98-87 என்று தோற்றபோது வெம்பன்யாமாவின் 26 புள்ளி எங்களை நள்ளிரவு தாண்டியும் விழிக்க வைத்தது. பயிற்சியாளரின் அந்த முடிவை வைத்து கோபேரின் பத்தாண்டு வேலையை அழிக்க முடியாது. நாக்-அவுட்டின் மூன்று ஆட்டம் ஆர்.ஏ.பி.எம்.முக்கு ஒரு துளி.

கோபேருக்காக மினசோட்டா 2022இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நான்கு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஐந்து ஆட்டக்காரர்களையும் கொடுத்தது அதிகமா என்றால், அது விலையைப் பற்றிய கேள்வி. தடுப்பைப் பற்றிய கேள்வியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## நம் மைதானத்துக்கு எது

இதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு சின்னப் போட்டியில் சிறந்த தடுப்பாளர் பரிசை ஸ்டீல் எண்ணிக் கொடுத்தார்கள். எங்கள் அணியில் ஒரு பையன் உண்டு. பாயமாட்டான், காலை நகர்த்தி எதிராளியின் முன்னாலேயே நிற்பான். அவன் காத்த ஆள் அந்தப் போட்டி முழுவதும் வலப்பக்கம் திரும்பவே இல்லை. அவன் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை.

சரி, எங்களுக்கு பிளஸ் மைனஸ் உதவுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்குப் பதினைந்து ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு எழுபது பொசெஷன் என்று வைத்தால் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். ஓர் என்.பி.ஏ. அணிக்கு 82 ஆட்டத்தில் எட்டாயிரத்துக்கு மேல் வரும், அதுவே ஒரு சீசனுக்குப் போதவில்லை என்றேன். போதாததற்கு நாங்கள் எட்டே பேர், அதே ஐவர் பெரும்பாலும் சேர்ந்தே ஆடுகிறோம். வடத்தை ஒன்றாகப் பிடித்து ஒன்றாக விடும் கதை. ஆகவே அது வேண்டாம். எழுதி வைத்தால் பையன்கள் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் குறை சொல்லவும் செய்வார்கள், அது பெரிய செலவு.

கேமராவும் லீகின் கூடுதல் கணக்கும் செய்யும் வேலையில் கையால் செய்யக்கூடியதை எடுத்துக்கொண்டோம். பெஞ்சில் உட்காருபவர் மூன்று கோடு மட்டும் போடுவார்: பந்தைத் தட்டியது, ஷாட்டைக் கை தூக்கி மறித்தது, தான் காத்த ஆள் தன்னைத் தாண்டி உள்ளே போனது. மூன்றாவதில் அருகில் இருந்தவர் பெயர் கிடையாது, முதலில் தாண்டப்பட்டவர் பெயர். அதை எழுதுபவர் ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும், கைப்பேசியைப் பார்க்க முடியாது. கால்பகுதிக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம், எழுதும் ஆளின் விருப்பு வெறுப்பு கொஞ்சமாவது பிரிந்து போகட்டும் என்று.

நான்கு ஆட்டம் எழுதிவிட்டோம். மூன்றாவது கோடு மிகக் குறைவாக இருப்பது அந்தப் பையனுக்குத்தான். போன சனிக்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்த்த அக்கா மகன், தன் பெயருக்கு நேரே இருந்த கோடுகளை இரண்டு முறை எண்ணினான். அப்புறம் அந்தப் பையன் பக்கத்தில் போய், "நீ காலை எப்படி வைக்கிறே, கொஞ்சம் காட்டு" என்று கேட்டான். இருட்டும்வரை இரண்டு பேரும் பந்து இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தார்கள்.